பத்தரை மணி டீக்கு முன்னால்

என் மச்சானுக்கு வந்திருந்த வியாதியைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் கண்டுபிடித்தேன். நாலு வருடத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நாலு டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தேன்.

சரி, பொய்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மனைவி. முதல் பத்தியை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, "ஏனுங்க, பத்திரிகைக்காரங்களுக்குமா இந்தக் கதைய அனுப்பறீங்க?" என்றாள். மச்சான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதனால் திருத்திக்கொள்கிறேன். கண்டுபிடித்தது டாக்டரம்மாதான். நான் செய்ததெல்லாம், ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டே இருந்த அந்த வியாதியை வைத்து ஒரு கம்பெனியையே சிரிக்க வைத்ததுதான்.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. நான் அங்கே அயர்ன் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சூட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவனுக்குச் சம்பளத்தை ஏற்ற மனசு வராதவர்கள் கொடுத்த பட்டம் அது. மச்சான் நிஜமான மாஸ்டர். கட்டிங் மாஸ்டர். துணியை நீள மேசையின் மேல் அடுக்கடுக்காக விரித்து, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டு, மேலே கத்தி மெஷினை ஓட்டுவார். நூறு அடுக்குத் துணி. கை ஒரு நூலிழை விலகினால் நூறு பனியனும் கோணல். அவர் ஓட்டினால் விலகாது. இருபது வருடமாக அந்த மேசைதான் அவருக்கு எல்லாம். சம்சாரம் தவறிப்போய் ரொம்ப நாளாகிறது. ஒரே மகளை மடத்துக்குளத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். சாப்பாடு மட்டும் எங்களோடு.

ஒரு சொட்டு சாராயம் நாக்கில் படாத மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் விட்டவன் நான்.

அவருக்கு அப்போது ஒரு வினோதமான பழக்கம் வந்திருந்தது. சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். பள்ளிக்கூடப் பையன் மாதிரி மறைத்து மறைத்துத் தின்பார். தின்னாவிட்டால் படபடவென்று வருகிறது என்பார். உடம்பும் ஏறிக்கொண்டே போனது. "மச்சா, மெஷினுக்கு எண்ணெய் உடற மாதிரி உங்களுக்கு நேரத்துக்கு நேரம் மிட்டாய் உடோணுமாட்ட இருக்குது" என்று நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

கிருத்திகை அன்று மட்டும் மிட்டாய் கிடையாது. மச்சான் முருக பக்தர். மாதாமாதம் கிருத்திகைக்கு விரதம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கம்பெனிக்கு வந்துவிடுவார். எட்டரைக்கு வேலை ஆரம்பித்தால் ஒன்பதரை வரை மனுஷர் சிங்கம் மாதிரி நிற்பார். பத்து மணிக்கு மேல் ஆள் மாறிவிடுவார். சட்டைக் காலர் தொப்பலாக நனையும். பார்வை எங்கேயோ போய் நிற்கும். பேச்சு குழறும். ஹெல்ப்பராக இருந்த பீகார் பையனைப் பார்த்து 'யாரு கண்ணு நீ' என்று கேட்பார். துணியே இல்லாத வெறும் மேசையை இரண்டு உள்ளங்கையாலும் நீவிக்கொண்டே, "நீவி உடு சாமி, நீவி உடு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் பத்தரை மணி டீ வரும். விரதத்துக்கு டீ மட்டும் உண்டு. கம்பெனி டீயில் டீத்தூளைவிடச் சர்க்கரைதான் அதிகம். அதைக் குடித்துப் பத்து நிமிடத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி, "என்ன மாப்ள, இங்க வேடிக்கை?" என்று என்னைக் கேட்பார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

இதையெல்லாம் இத்தனை நுணுக்கமாகக் கவனித்தது கம்பெனியிலேயே நான் ஒருத்தன்தான். எதற்குக் கவனித்தேன் என்பதுதான் கேவலம். எனக்கு மிமிக்ரி வரும்.

ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரி கடலை கொடுத்து, ஆளாளுக்குப் பாட்டு டான்ஸ் என்று கலாட்டாவாக இருக்கும். அந்த வருடம் நான் 'கிருத்திகை மாஸ்டர்' என்று ஒன்று போட்டேன். தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு காலரை நனைத்துக்கொண்டேன். கண்ணைச் சொருகி, மேசையை நீவி, "நீவி உடு சாமி, நீவி உடு" என்றேன். ஒரு டீ டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு விறைப்பாக நின்று, "என்ன மாப்ள, இங்க வேடிக்கை?" என்றேன்.

கம்பெனி அதிர்ந்தது. தையல் மெஷின்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழே தெரியாத பீகார் பையன்கள் 'நீவி உடு, நீவி உடு' என்று கத்தினார்கள். யாரோ கூட்டத்திலிருந்து, "அண்ணா, டீயிலயே தெளியுதே, அது எந்தக் கடைச் சரக்குங்க?" என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "அது முருகன் கடைச் சரக்குங்க. விரத நாள்ல மட்டுந்தான் கெடைக்கும்" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். மச்சானும் கடைசியில் நின்று சிரித்தார். அவருக்குத் தான் அப்படியெல்லாம் செய்வதே தெரியாது. நானாகக் கட்டிவிட்ட கூத்து என்றுதான் அன்றைக்கு நினைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் முதலாளி மச்சானைக் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கத்தி மெஷினு. நாளைக்கு வெரலு போச்சுன்னா உங்களுக்கும் செரமம், எனக்கும் செரமம். கொஞ்ச நாளைக்குச் செக்கிங்ல இருங்க. அந்தப் பழக்கத்த உட்டுப்போட்டு வாங்க, மேசை எங்க போயிருது?"

எந்தப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார் மச்சான். முதலாளி சிரித்திருக்கிறார்.

செக்கிங் என்றால் தைத்து வந்த பனியனில் ஓட்டை இருக்கிறதா, நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து அடுக்குவது. நேற்று வேலைக்கு வந்தவர்கள் பார்க்கிற வேலை. மச்சான் அன்றைக்கே போய் அங்கே உட்கார்ந்தார். என்னிடம்கூடக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஏதாவது எகத்தாளம் பேசிக் கழித்திருப்பேன்.

மேசை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். அந்தத் தைக் கிருத்திகைக்கு விரதத்தை இன்னும் கடுமையாக்கினார். டீயும் கிடையாது, பச்சைத் தண்ணீர் மட்டும். அன்று காலை பதினொரு மணிக்கு, அடுக்கி வைத்த பனியன்கள் மேலேயே சாய்ந்து விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். யாரோ வாயை மோந்து பார்த்தான். அப்படி மோந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு அந்த நர்ஸ் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மச்சான் எழுந்து உட்கார்ந்து, "என்ன மாப்ள, மத்தியானச் சங்கு ஊதியாச்சுங்களா?" என்று கேட்டார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எதையாவது மாற்றிப் போட்டுக்கொண்டாரா என்று கேட்டார்கள். அந்த வியாதியே அவருக்குக் கிடையாது. என்னவோ இருக்கிறது, கோயமுத்தூர் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்டவர். சிரிக்கவே மாட்டார். "இந்த மாதிரி வர்றப்ப என்ன பண்ணுவாரு? கூட இருந்து பாத்தவங்க யாரு?" என்று கேட்டார். மச்சானுக்கு எதுவும் ஞாபகமில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயால் சொல்லத்தான் ஆரம்பித்தேன். என் வாய்க்கு வெறுமனே சொல்லத் தெரியாது. நாற்காலியிலிருந்து எழுந்து, டாக்டரம்மாவின் மேசையை நீவி, கண்ணைச் சொருகி, "நீவி உடு சாமி" வரை முழுசாகப் போட்டுக் காட்டிவிட்டேன். அங்கே இருந்த இன்னும் மூன்று சின்ன டாக்டர்களும் பார்த்தார்கள்.

என் வாழ்க்கையில் அந்த ஐட்டத்துக்கு ஒருத்தர்கூடச் சிரிக்காத இடம் அதுதான்.

"எந்த நேரத்துல?" என்றார் டாக்டரம்மா.

"பத்து மணிக்கு மேலங்க. டீக்கு முன்னால."

"தெனமுமா?"

"இல்லீங்க. கிருத்திகைக்கு மட்டுங்க. அன்னைக்கு வெரதமுங்க."

"டீ குடிச்சா?"

"பத்து நிமிசத்துல தெளிஞ்சுருமுங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ஒன்றரை வருசமுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, சாப்பாடு கொடுக்காமல், பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து பரிசோதனை பண்ணினார்கள். மூன்று நாள்வரை ஆகலாம் என்றார்கள். மறுநாள் காலையிலேயே சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சர்க்கரை அடிமட்டத்தில் கிடக்கும்போதும் இன்சுலின் மட்டும் நிற்காமல் ஊறிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் கணையத்தில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. கொண்டைக் கடலை அளவு. டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "சாப்பிட்டா சொரக்கணும், இல்லேன்னா அடங்கணும். அதுதான் இன்சுலின். இந்தக் கட்டிக்கு அடங்கத் தெரியல. குழாய மூட மறந்த மாதிரி ஊத்திக்கிட்டே இருக்குது. இவரு மிட்டாய் தின்னு தின்னு உயிரோட இருந்திருக்காரு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாயிடும்."

மச்சான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எடுத்துட்டா மறுக்கா மேசையில நிக்கலாமுங்களா?"

"தாராளமா நிக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், தெற்குப் பக்கத்து ஆள். "வெறும் வயித்தோட ஆபரேஷனுக்கு வரணும். ஆனா இவரை வெறும் வயித்துல விடவே கூடாது. அதுதான் எங்களுக்கு இருக்கிற சோதனையே" என்றார். அதனால் வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், கையில் ஊசி போட்டு குளுக்கோஸ் இறங்கிக்கொண்டே இருக்கும் என்றும், மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து விரலில் குத்திப் பார்ப்பார் என்றும் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள கொண்டுட்டுப் போய் மயக்கம் கொடுத்துட்டா இவரு உளற மாட்டாரு, மேசையைத் தடவ மாட்டாரு. சர்க்கரை இறங்குதுன்னு காட்டிக்கொடுக்க ஆளே கெடையாது. அதனால கால் மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துட்டே இருப்போம். ஆனா அதுவரைக்கும் இவரு முழிச்சிருக்காரு, நீங்க பக்கத்துல இருக்கீங்க. சிஸ்டர் வர்ற நேரத்துக்கு நடுவுல நீங்கதான் பாக்கணும் அண்ணாச்சி. இவருக்கு எப்படி வரும்னு உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்கே தெரியாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு டாக்டர் என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்!

மறுநாள் காலை. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவதாக இருந்தது. ஏழு மணிக்கு சிஸ்டர் வந்து குத்திப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். என் மனைவி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எனக்குக் காப்பி வாங்கக் கீழே போனாள். பக்கத்துக் கட்டிலில் மூலனூர்க்காரர் ஒருத்தர், முருங்கைக்காய் வியாபாரி, பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷர்.

"ஏனுங்க, உங்க மச்சானுக்கு என்னங்க வெசயம்?" என்றார்.

எனக்கு அது போதாதா? மச்சான் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி நின்று, ஆரம்பித்தேன். "அதுங்க, நாலு டாக்டருங்க ஒக்காந்து மண்டைய ஒடைச்சும் புடிபடாத வியாதிங்க. கண்டுபுடிச்சது யாருன்னு நெனைக்கிறீங்?" என்று கேட்டு, நெஞ்சைத் தட்டிக் காட்டி, டாக்டரம்மா முன்னால் போட்ட கூத்தை முதலிலிருந்து போட்டேன். காலர், கண், உள்ளங்கை எல்லாம். மூலனூர்க்காரர் வயிற்று வலியையும் மறந்து சிரித்தார். எதிர்க் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கை தட்டல் விழ விழ எனக்கு வேகம் ஏறியது.

"அட, பாருங்க, அண்ணனும் சேந்துக்கிட்டாரு!" என்று மூலனூர்க்காரர் என் பின்னால் கையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் போர்வையை நீவிக்கொண்டிருந்தார். "நீவி உடு சாமி, நீவி உடு."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மச்சான் என்னை மன்னித்துவிட்டார் என்று தோன்றியது. என் கூத்தில் அவரும் சேர்ந்துகொண்டு, தன்னைத்தானே கேலி பண்ணிக்கொள்கிறார் என்று தோன்றியது. "பாத்துக்கங்க, ஒரிஜினலே வந்துருச்சு!" என்றேன். வார்டே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

இந்த இடத்தில் 'உடனே சுதாரித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன்' என்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி அதை எழுத மறுத்துவிட்டாள். சுதாரித்தது அவள். பிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றவள் ஒரு நொடி பார்த்தாள். "ஏனுங்க! அண்ணனுக்கு வேர்த்து ஊத்துதுங்க!" என்று போட்ட கத்தலில்தான் எனக்குப் புத்தி வந்தது.

காலர் இல்லாத ஆஸ்பத்திரி உடுப்பு அது. கழுத்து முழுக்க நனைந்திருந்தது. குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்த கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து தோலுக்கடியில் போய், பிறகு சொட்டுவதே நின்றிருக்கிறது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டியவன் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

சிஸ்டர் ஓடி வந்தார். விரலில் குத்தினார். முப்பத்து நாலு. இன்னொரு கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் தேடினார்கள். மச்சானின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் மேலே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு கிடைத்து, பெரிய சிரிஞ்சில் குளுக்கோஸை மெதுவாக ஏற்றினார்கள். எனக்கு ஒரு வருடம் மாதிரி இருந்தது. நாலைந்து நிமிடம்தான் இருக்கும் என்கிறாள் மனைவி. மச்சானின் கண் நேராக வந்தது. என்னைப் பார்த்தது.

"என்ன மாப்ள" என்றார் மெதுவாக. "எல்லாரும் எதுக்குச் சிரிச்சீங்? எங்கியோ தூரத்துல இருந்தாப்பல இருந்துச்சு. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு."

நான் துண்டை எடுத்து அவர் கழுத்தைத் துடைத்தேன். பத்து வயசிலிருந்து எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது.

மயக்க டாக்டர் வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வீங்கின கையைப் பார்த்தார், புது ஊசியைப் பார்த்தார், "சர்க்கரை நிலையா நிக்கிற வரைக்கும் காத்திருப்போம்" என்றார். எட்டு மணி ஆபரேஷன் பத்தரைக்குத் தள்ளிப்போனது. கம்பெனியில் டீ வருகிற நேரத்தில் மச்சானை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். உள்ளே கால் மணிக்கு ஒரு தடவை அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி ஆகும்போதெல்லாம், இப்போது பார்ப்பார்கள், இப்போது பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாய் திறந்து ஒன்றும் காட்டாமல் படுத்திருக்கும்போதே கண் கொட்டாமல் பார்க்க அத்தனை பேர் இருக்கிறார்கள். முழித்துக்கொண்டு, வேர்த்து, குழறி, கையால் மேசையை நீவிக் காட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் அவர் என் கண்ணெதிரே நின்றார். எனக்குத் தெரியாமல் இல்லை. மணிகூடத் தெரியும். ஒரு டம்ளர் டீயை அரை மணி முன்னால் வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. கூட்டம் சேர்க்கத் தோன்றியது.

மத்தியானம் தாண்டி மயக்க டாக்டர் வெளியே வந்தார். முகக் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கட்டியை எடுத்தாச்சு. எடுத்த கொஞ்ச நேரத்துலயே சர்க்கரை தானா ஏற ஆரம்பிச்சிருச்சு. அது ஏறுனாத்தான் எங்களுக்கு நல்ல சேதி. குளுக்கோஸைக் குறைச்சுட்டோம்" என்றார். திருப்பூர் மாவட்டத்திலேயே சர்க்கரை ஏறிவிட்டது என்று கேட்டு அழுது சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அந்த இரண்டு நாற்காலியைத் தாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாள் சர்க்கரை மேலே கீழே ஆடிவிட்டு நிலைக்கு வந்தது. மச்சான் சுகமானார். உடம்பு இளைத்தது. சட்டைப் பையில் கடலை மிட்டாய் இல்லை. இப்போது கிருத்திகைக்கு விரதம் இருந்து, சாயங்காலம் வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். மேசை திரும்பக் கிடைத்திருந்தால்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் நானே போனேன். கட்டி, கணையம், இன்சுலின் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நீ சொல்றப்பவே எனக்குச் சிரிப்பு வருதப்பா. வெரதமிருந்தா போதை ஏறுற வியாதியா?" என்றார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதை அவர் படிக்கவில்லை, என்னால் படித்துக் காட்டவும் முடியவில்லை. "மாஸ்டரு நல்லா இருந்தாச் செரி. செக்கிங்லயே இருக்கட்டும்" என்றார்.

வேறு கம்பெனிகளில் கேட்டார் மச்சான். பனியன் ஊரில் ஆள் போவதற்கு முன்னாலேயே பேர் போய்விடும். ஒரு கம்பெனியில் கேட்டுக்குள் நுழைந்ததுமே, மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு வடக்கத்திப் பையன், சேர்ந்து தூக்கின இன்னொருத்தனைப் பார்த்து "நீவி உடு சாமி, நீவி உடு" என்று பாட்டாகப் பாடிச் சிரித்திருக்கிறான். அந்தப் பையனுக்கு மச்சானையும் தெரியாது, என்னையும் தெரியாது. அந்த வார்த்தைக்கு அர்த்தம்கூடத் தெரியாது. மச்சான் அங்கிருந்தே திரும்பி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "மாப்ள, உங்க ஐட்டம் ரொம்பத் தொலவு போயிருச்சுங்க" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நான் டீக்கடையில், பஸ்ஸில், கம்பெனி வாசலில், கிடைத்தவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் வாயைத் திறந்ததுமே எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். பொய்யாகப் போட்ட கூத்தை ஒரு நிமிடத்தில் நம்பினவர்கள், ஆபரேஷன் தழும்பைப் பற்றிச் சொன்னால், அடுத்து என்ன ஜோக் வரப்போகிறது என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கும் பாதிச் சொல்லும்போதே கை தானாக எழுந்து, கண் சொருகிக்கொள்ளப் பார்க்கிறது. போன மாசம் ஒருத்தரிடம் இப்படித்தான், உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு...

வாசலில் மச்சானின் வண்டிச் சத்தம். இன்றைக்கு ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிங் மேசை காலியாக இருக்கிறதாம். பழைய கம்பெனிக்காரன் ஒருத்தன் நேரில் வந்து சொன்னால் யோசிக்கலாம் என்றாராம் அந்த முதலாளி. பழைய கம்பெனியிலிருந்து வரச் சம்மதித்தவன் நான் ஒருத்தன்தான்.

"மாப்ள, நேரமாச்சுங்க, வாங்க" என்கிறார் வெளியிலிருந்து. அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "அங்க வந்து ஒண்ணும் நடிச்சுக் காட்டிப்போடாதீங்க சாமி, சும்மா சொன்னாப் போதுமுங்க" என்கிறார்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடச் சொல்லிவிட்டேன். எழுந்து போகிறேன். ஒரு மனுஷன் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்கிற ஒரே ஒரு வரியை, கையை ஆட்டாமல், முகத்தைக் கோணாமல், கேட்கிறவர் சிரிக்காதபடி சொல்ல இந்த வாய்க்கு இன்றைக்காவது வர வேண்டும்.